ரோதைமுனியும் வாட்டர்பாலமும்: இரு கற்பனை உலகங்களில் இயந்திரம்

முதலாம் உலகப்போரின் முடிவுக்கும் இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஐரோப்பியக் கலை இலக்கிய உலகு இயந்திரத்தைப் பற்றி ஓயாது கனவு கண்டது. அக்கனவுகளிற் பல தீக்கனவுகளாகவே அமைந்தன. செக் நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகம், மனித உழைப்புக்குப் பதிலாகச் செயற்கை மனிதரை ஆக்கி விற்கும் தொழிற்சாலையொன்றைக் கற்பனை செய்தது. 'ரோபோ' என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் அந்நாடகத்தின் வழியாகவே பரவியது. கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதற்கு வேர். 1927 இல் ஜெர்மனியில் வெளியான பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' திரைப்படத்தில் உடைமையாளர் வானளாவிய மாடங்களிலும் உழைப்பாளர் நிலத்தின் கீழும் வாழ்கின்றனர். பேரியந்திரம் ஒன்று வெடித்து உழைப்பாளர் மடிவதைக் காணும் முதலாளியின் மகனுக்கு அவ்வியந்திரம் வாய் பிளந்து மனிதரை விழுங்கும் மோலொக் என்ற பழந்தெய்வமாகத் தோற்றமளிக்கின்றது.

இத்தகைய கற்பனை உலகங்கள் அக்காலத் தமிழிலே தோன்றினவா என வினவினால், இல்லையென்று விடை கூறுவது எளிது. இயந்திரத் தொழில் வேரூன்றாத சமுதாயத்திலே இயந்திரம் பற்றிய கனவு எவ்வாறு முளைக்கும் என்ற வாதமும் அதற்குத் துணை நிற்கும். ஆயின் இவ்வாதம் ஓரிடத்திலே தடுக்கி விழுகின்றது. தமிழ் பேசும் மக்களுள் இலட்சக்கணக்கானோர் அக்காலத்திலேயே, உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டதும் புகையிரதத்தாலும் சுழல் இயந்திரத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்டதுமான ஒரு கைத்தொழிலில் உழைத்துக்கொண்டிருந்தனர். இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களே அக்கைத்தொழிலின் களம். அக்களத்தைப் பற்றி ஒன்றையொன்று அறியாத இரு கற்பனைகள் எழுந்தன. ஒன்று எழுத்திலே எழுந்தது. அது புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'. மற்றது எழுத்தறியாத தொழிலாளர் தாமே படைத்துக்கொண்டது. அது தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்திலே குடியிருக்கும் ரோதைமுனி என்னும் தெய்வம். முன்னதில் இயந்திரம் ஏறத்தாழக் காணப்படாத பொருள்; பின்னதில் அதுவே கடவுள். இந்த முரண் தற்செயலானதன்று.

இரண்டையும் அளந்து பார்க்க நிலத்திலே ஊன்றிய ஓர் அளவுகோல் வேண்டும். ஊவாவின் ஹாலிஎலப் பகுதி அதற்குப் பொருத்தமானது. கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்பாலுள்ள பதுளையைச் சென்றடைய அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. எல்ல, தெமோதர, உடுவர, ஹாலிஎல என்று இறங்கிச் செல்லும் அப்பாதையின் கடைசித் துண்டு 1924 ஏப்ரல் மாதத்திலேயே திறக்கப்பட்டது. உருக்கைப் பயன்படுத்தாது கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னையே சுற்றிவந்து புகையிரத நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்லும் தெமோதர வளையமும் இத்துண்டிலேயே உள்ளன.

இவ்வளையத்தைப் பற்றி வாய்வழிக் கதையொன்று வழங்குகின்றது. செங்குத்தான சரிவிலே பாதையை எவ்வாறு இறக்குவதெனத் தெரியாது பொறியியலாளர் திகைத்து நின்றாராம். அருகிலே ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டதும் வழி புலப்பட்டதாம். வரலாற்றுச் சான்றாக இதனை எவரும் கொள்ளார். எனினும் பொறியியலின் பிறப்பிடத்தை ஒரு தோட்டத்து மனிதனின் தலையிலே வைத்துப் பார்க்கும் விருப்பம் அதில் ஒளிந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. கதைகூட அத்தலையைக் கல் சுமந்தவனின் தலையாக எண்ணவில்லை என்பதையும் உடன் குறிப்பிடவேண்டும். பெருமை கங்காணியின் தலைப்பாகையோடு நின்றுவிடுகின்றது.

புகையிரதம் ஹாலிஎலவுக்குக் கொண்டுவந்தது வேகத்தை மாத்திரமன்று. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கியபின், தென்னிந்தியக் கிராமமொன்றிலே புறப்பட்ட ஒரு குடும்பம் மண்டபம் முகாமின் சோதனைகளைக் கடந்து, தண்டவாளமும் கப்பலும் மீண்டும் தண்டவாளமுமாக ஒரே தொடரில் மலைநாட்டை நோக்கிச் செலுத்தப்பட்டது. 1924 க்குப் பின்னர் அத்தொடரின் மறுமுனை பதுளையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் எந்தப் பாதையால் இறங்கினவோ அந்தப் பாதையாலேயே ஆட்கள் ஏறினர். பெட்டிக்கு நிறைக்கணக்கு இருந்ததைப்போல ஆளுக்குப் பற்றுக்கணக்கு இருந்தது. கடனைத் தாளிலே எழுதி ஆளைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921 இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாயினும் கங்காணியிடம் பட்ட கடன் ஒழிந்துவிடவில்லை.

தோட்டத்தினுள்ளே இயந்திரத்தின் ஆட்சி இன்னும் நுணுக்கமானது. தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்பர். மேல்மாடிகளிலே சாக்குத் தட்டுகளிற் பரப்பப்பட்டு இரவு முழுவதும் வாடும் கொழுந்து, மறுநாள் உருளைகளில் இடப்பட்டு முறுக்கப்படுகின்றது. சல்லடையிற் கட்டுடைக்கப்பட்டு, குளிர்ந்த அறையிலே புளிக்கவைக்கப்பட்டு, வெப்பக்காற்று அடுப்பிலே காய்ந்து கறுத்து, மறுபடியும் சலிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து ஓர் இறாத்தல் தேயிலையாகும். இச்செயற்பாட்டின் இயல்பு யாதெனில், பறித்த கொழுந்து காத்திராது. நெல்லை அறுத்துக் களத்திலே போட்டுவிட்டு மறுநாள் அடிக்கலாம். கொழுந்தோ கூடையில் விழுந்த கணத்திலிருந்தே மாறத் தொடங்குகின்றது. அதிலும் ஆடி ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று ஊவாவின் சரிவுகளிலே வீசும்போதுதான் அப்பிரதேசத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் பெற்றுக்கொடுத்த மணம் சேர்கின்றது. அக்காலத்திலே வாட்டலின் நேரம் பிசகினால் மணமும் விலையும் போய்விடும்.

ஆகவே விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் தப்பு, மலையிலே பறிக்கும் நிரை, நாளிலே பலமுறை தராசடியில் நிற்கும் கூடைகள், 'பேர்' என்றும் 'அரைப்பேர்' என்றும் பதியப்படும் கூலி ஆகிய யாவும் ஸ்டோரின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. தொழிற்சாலைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத பெண்ணின் விரலையும் அதன் சக்கரமே ஓட்டியது. கொழுந்து பறிப்பவரைப் பயிர்த்தொழிலாளர் என்று வகைப்படுத்துவோர் இந்த உண்மையைக் கவனியாது விடுகின்றனர். அவர்கள் கூரையில்லாத ஆலையொன்றின் தொழிலாளர். 1927 ஆம் ஆண்டின் சட்டப்படி 1929 இலே மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்ச நாட்கூலியாக வகுக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அவையும் வெட்டப்பட்டன. நீர்ச்சுழலியோ எண்ணெய் எஞ்சினோ ஸ்டோரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, அதற்குக் கூப்பிடு தொலைவிலுள்ள லயக்காம்பராவில் குப்பிலாம்பு எரிந்தது.

இனிப் புதுமைப்பித்தனிடம் வரலாம். 'துன்பக் கேணி' 1935 இலே 'மணிக்கொடி' இதழில் வெளிவந்தது. இலங்கையை நேரிற் காணாத ஓர் எழுத்தாளர் படைத்த தோட்டம் அது. 'வாட்டர்பாலம்' என்று அதற்குப் பெயரிட்டார். ஆங்கிலப் பெயரொன்று தமிழ்க் காதிலே விழுந்து உருமாறிய ஒலி அப்பெயரில் உண்டு. பெயரளவிலே அதனை மிக நம்பகமான கற்பனை எனலாம். திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டியைச் சேர்ந்த மருதி, கணவன் வெள்ளையனைப் பிரிந்து கடல் கடந்து அத்தோட்டத்துக்கு வந்து சேர்கின்றாள்; அங்கே வெள்ளை அதிகாரியின் இச்சைக்கு ஆளாகி நோயுற்று உருக்குலைகின்றாள்; அவள் மகள் வெள்ளைச்சி தோட்டத்திலேயே வளர்கின்றாள். கதையின் தலைப்பு பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைந்து பாடிய பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. காணாத தோட்டத்தைப் பாடிய கவியிடமிருந்து காணாத தோட்டத்தை எழுதிய கதாசிரியர் தலைப்பைக் கடன் பெற்றார்.

இக்கதையின் பெருமையைக் குறைத்துரைப்பது நேர்மையாகாது. கிராமத்தைச் சொர்க்கமாகவும் தோட்டத்தை நரகமாகவும் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் மலிவான வழியை அது நாடவில்லை. வாசவன்பட்டியின் பண்ணையாட்சியும் சாதிக் கொடுமையுமே மருதியைத் தோட்டத்தை நோக்கித் தள்ளுகின்றன. கேணி வாசவன்பட்டியிலேயே தொடங்கிவிடுகின்றது. 'மணிக்கொடி' காலத்து எழுத்தாளருள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணொருத்தியை இத்துணை நீண்ட கதையொன்றின் நடுவிலே நிறுத்தும் துணிவு பலருக்கு இருந்ததில்லை.

எனினும் வாட்டர்பாலத்திலே துன்பத்தை விளைவிப்பவை எவை என நோக்குமிடத்து, அவை யாவும் மனிதரின் குணங்களாகவே உள்ளன. ஒருவனின் காமம், இன்னொருவனின் பேராசை, வேறொருவனின் கையாலாகாத்தனம் ஆகியவையே கதையை நகர்த்துகின்றன. இலை எவ்வாறு தேயிலையாகின்றது, அந்த மாற்றத்தின் நேரம் மருதியின் நாளை எவ்வாறு அறுத்துக் கூறுபோடுகின்றது என்பவை கதையின் அக்கறைகளல்ல. அதிகாரி நல்லவனாயிருந்தால் வாட்டர்பாலம் வாழத்தக்க இடமாகியிருக்கும் என்ற எண்ணம் வாசகனுக்கு எழுமாயின் அதற்குக் கதையே பொறுப்பு. ஹாலிஎலவைச் சூழ்ந்த தோட்டங்களிலே நல்ல துரையும் இருந்திருக்கலாம், கெட்ட துரையும் இருந்திருக்கலாம். இருவர் காலத்திலும் கொழுந்து காத்திருக்கவில்லை.

இக்குறையை ஆசிரியரின் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ஏனெனில் இயந்திரத்தைக் காணும் கண் புதுமைப்பித்தனுக்கு இல்லாதிருந்ததன்று. 'இது மிஷின் யுகம்' என்ற சிறுகதையிலே சென்னை உணவுவிடுதியொன்றின் பரிமாறுபவனை அவர் காட்டும் விதத்தை நினைவுகூரலாம். நாலா பக்கத்திலிருந்தும் வரும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் அம்மனிதனிடத்தே எங்கே மனிதன் முடிந்து எங்கே இயந்திரம் தொடங்குகின்றது என்ற ஐயத்தைச் சில பக்கங்களிலே அவர் கிளப்பிவிடுகின்றார். பற்சக்கரம் ஒன்றேனும் இல்லாத ஓட்டலிலே இயந்திர யுகத்தைக் கண்ட எழுத்தாளர், பற்சக்கரத்துக்காகவே கட்டப்பட்ட தோட்டத்திலே அதனைக் காணாது போனமைக்குக் காரணம் வேறு இருக்கவேண்டும்.

அக்காரணத்தை அக்காலத் தேசிய உணர்வின் அமைப்பிலே தேடுவது பொருந்தும். கடல்கடந்த கூலி வாழ்வு இந்திய தேசிய இயக்கத்துக்கு ஒரு மானப்பிரச்சினையாகவே முதலில் தென்பட்டது. அந்நிய மண்ணிலே நம் பெண்களின் கற்புக்கு நேரும் அவமானம் என்ற குற்றச்சாட்டே கேட்போரை உலுக்கியது. உருளை இயந்திரத்தின் வேகமோ கூலிப்பதிவின் நுட்பமோ மேடையிலே உணர்ச்சியைக் கிளறக்கூடியவையல்ல. தோட்டத்திலிருந்து ஊர் திரும்பியவனிடம் ஊரார் வினவியதும் துயரைப் பற்றியே. ஸ்டோரின் மேல்மாடியிலே எத்தனை தட்டுகள் என்று எவர் வினவுவார்? ஆகவே பத்திரிகை வழியும் வாய்மொழி வழியும் சென்னையை அடைந்த தோட்டத்திலே துன்பம் இருந்தது, தொழில் இருக்கவில்லை. புதுமைப்பித்தனின் மேதை அத்துன்பத்துக்கு உடல் கொடுத்தது; தொழிலை அதனால் ஊகித்துக்கொள்ள இயலவில்லை.

இதன் விளைவு இலக்கியத்தோடு நிற்பதாயின் இத்துணை விரித்துரைக்கத் தேவையில்லை. தொழில் இல்லாத துன்பத்தில் உழல்பவர் இரக்கத்துக்குரியவர் ஆவார். உரிமைக்குரியவராக அவர் தோன்றுவதில்லை. கேணி என்ற உருவகமே அத்தகையது. கேணியில் விழுந்தவரைத் தூக்கிவிடலாம். அதற்குள்ளே அவர் எதையும் ஆக்கவில்லை. அவர் வேறிடத்திலிருந்து தவறி விழுந்தவர், வேறிடத்துக்கே திரும்பவேண்டியவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அவர்கள் இந்நாட்டிலே வேரற்றவர், வந்து போகின்றவர் என்ற நினைப்பே அதற்கு அடிநிலையாயிருந்தது. இரங்கி எழுதிய இலக்கியமும் இரங்காது இயற்றிய சட்டமும் அம்மக்களின் இருப்பிடத்தைப் பற்றி ஒரே எடுகோளிலே சந்திக்கின்றன என்பது கசப்பான உண்மை. பாதையும் பாலமும் ஸ்டோரும் இம்மண்ணிலே யாருடைய கைகளால் எழுந்தன என்று கேட்கத் தெரிந்த இலக்கியம் அந்த எடுகோளை ஏற்றிருக்காது.

இக்கேள்வியை அக்காலத்திலேயே வேறொரு மொழியிலே கேட்டவர்கள் உண்டு. அம்மொழி வழிபாடு.

மலைநாட்டுத் தோட்டங்களின் தெய்வங்களுள் மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி போன்றோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்களோடு கூடவே வந்தவர்கள். தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உள்ளன. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்து வேலைக்கு முன் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை நடைபெறும். தொழிற்சாலையிலே விபத்து நேராது காக்குமாறு ரோதைமுனிக்குப் பலியும் படையலும் இடப்படும். ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கேய மொழியிலிருந்து சிங்களத்துக்கும் அங்கிருந்து தோட்டத்துத் தமிழுக்கும் உருண்டு வந்த சொல் அது. சொல்லின் முற்பகுதி ஐரோப்பியனுடையது. பிற்பகுதியிலுள்ள முனி காவிரிக் கரையிலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் வந்தவன். இருவரும் சந்தித்த இடம் ஸ்டோரின் வாசல்.

ஆய்வாளருள் ஒரு சாரார் இத்தகைய வழிபாட்டை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவர்; மற்றொரு சாரார் பண்பாட்டுச் செழுமை எனப் போற்றிப் பட்டியலிட்டுவிட்டு அப்பாற் செல்வர். இரண்டும் படைப்பைப் படிக்க மறுக்கும் முறைகளே. ரோதைமுனியை ஒரு கற்பனைப் படைப்பாகவே அணுகின் அதன் நுட்பம் விளங்கும். கிராமத்திலே முனி எங்கே நிற்கின்றான்? ஊர் எல்லையில், குளத்து மதகடியில், ஒற்றைப் பனையடியில். சுருங்கக் கூறின், கவனம் தப்பினால் உயிர் போகக்கூடிய இடங்களில். தோட்டத்துக்கு வந்த மனிதன் தன் புதிய உலகிலே அத்தகைய இடம் எதுவென்று தேடியபோது அது சுழலும் வாராகவும் சக்கரமாகவும் இருக்கக் கண்டான். வேட்டி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துக்கொள்ளும் அந்த இடத்திலே முனியை நிறுத்தினான். தொழிலிட ஆபத்தைப் பற்றிய துல்லியமான அறிவு இதில் உண்டு. 'துன்பக் கேணி'யிலே இந்த அறிவு இல்லை.

மெட்ரோபொலிஸின் மோலொக்கோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. அத்திரைப்படத்திலே இயந்திரமே தெய்வம். அது மனிதரை விழுங்கும், அதனோடு பேச வழியில்லை. அத்தோற்றத்தைக் காண்பவனும் உழைப்பாளி அல்லன், மேல்மாடத்திலிருந்து இறங்கிவந்த இளைஞன். ரோதைமுனியைக் கண்டவன் சக்கரத்துக்கு அருகே நிற்பவன். அவனுக்கு இயந்திரம் வேறு, முனி வேறு; முனி இயந்திரத்தினுள்ளே உறைபவன். உறைபவனோடு பேரம் பேசலாம்: சேவலையோ கிடாயையோ நீ ஏற்றுக்கொள், எங்கள் கையைக் கேளாதே. பெர்லினிலே எடுக்கப்பட்ட கனவு திகைப்பில் உறைந்து, பின்னர் முதலாளியும் தொழிலாளியும் இதயத்தால் இணையவேண்டும் என்ற இனிப்பான முடிவிலே கரைந்துவிடுகின்றது. தோட்டத்துக் கனவு அத்தகைய இணக்கத்தை எங்கும் கேட்கவில்லை. அது கேட்டது பாதுகாப்பை மட்டுமே. இவ்விரண்டில் எது முதிர்ந்த கற்பனை என்பதிலே கருத்து வேறுபாட்டுக்கு அதிக இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. பெயரிடுதல் ஓர் உரிமைச் செயல். பூமியும் ஸ்டோரும் கம்பனிக்குச் சொந்தமாயிருக்க, அதன் நடுவிலுள்ள சக்கரத்துக்குத் தன் மொழியிலே பெயரிட்டு, தன் தெய்வத்தை அதிலே குடியேற்றிய தொழிலாளி, சட்டத்தின் எந்த ஏட்டிலும் பதியப்படாத ஓர் உறவை நிலைநாட்டிக்கொண்டான். எந்திரம் துரையுடையது, அதில் உறையும் முனி எங்களவன். வாட்டர்பாலத்து மருதிக்கு அத்தோட்டத்தில் அத்தகைய ஒரு பிடியும் தரப்படவில்லை.

இவ்வளவும் கூறியபின் ரோதைமுனியைப் புகழ்ந்து நின்றுவிடுவதும் தவறாகும். விபத்து முனியின் சினமாயின் அதற்கு விலை கிடாய். கிடாயை வாங்குபவன் தொழிலாளி. பாதுகாப்புக் கம்பியில்லாத வாரும், இரவு வேலையின் தூக்கக் கலக்கமும், அவற்றுக்குப் பொறுப்பான நிர்வாகமும் படையலின் புகையிலே மறைந்துவிடுகின்றன. புதுமைப்பித்தன் மனிதரைக் கண்டு இயந்திரத்தைக் காணாது விட்டார். முனியைப் படைத்தோர் இயந்திரத்தைக் கண்டு அதன் உடைமையாளனைக் காணாது விட்டனர். விபத்துக்கு விலை தருபவன் முதலாளியே என்று கூறும் மூன்றாவது மொழியும் அக்காலத்திலேயே பிறந்தது. இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 ஆம் ஆண்டுக்குரியது. வாட்டர்பாலம் அச்சேறுவதற்கு முந்திய ஆண்டிலே, இயந்திரத்தில் நசுங்கிய கைக்குப் பணமதிப்பு உண்டென்று இந்நாட்டின் சட்டநூல் ஏற்றுக்கொண்டது. சட்டம் எழுதப்பட்டமையாலே நட்டஈடு லயத்தை வந்தடைந்தது என்று எவரும் கருதமாட்டார். ஆயினும் முனியிடம் கேட்டதைத் துரையிடம் கேட்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வாயில் திறந்தது.

அந்த எண்ணத்தைப் பரப்பியதிலே மற்றோர் இயந்திரத்துக்குப் பங்குண்டு, அது அச்சியந்திரம். புகையிரதம் பதுளையை அடைந்த அதே 1924 இலேயே கோ. நடேசய்யரின் 'தேசபக்தன்' கொழும்பிலே தொடங்கியது. அவரும் மீனாட்சியம்மாளும் எழுதி வெளியிட்ட பிரசுரங்களும், மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடிய பாடல்களும் தோட்டத்துத் துயரைக் கூலி, கடன், சட்டம் என்ற சொற்களிலே பேசக் கற்பித்தன. இலக்கிய நயம் தேடுவோருக்கு அவற்றிலே ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் வாட்டர்பாலத்திலே இல்லாத பற்றுச்சீட்டு அவற்றிலே இருந்தது. 1940 இலே பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர், சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் இயங்கிய தொழிற்சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். காத்திராத கொழுந்தே அன்று அவர்களுக்குப் படைக்கலமாயிற்று. பறிக்காவிடின் சக்கரம் நிற்கும் என்பதைச் சக்கரத்துக்குப் பூசையிட்ட மக்களைவிட நன்கறிந்தவர் யார்?

இவ்விரு கற்பனைகளும் பின்னைய எழுத்திலே எங்காவது சந்தித்தனவா என்பது அடுத்து எழும் வினா. புதுமைப்பித்தன் கதை எழுதுவதற்கு முந்திய ஆண்டிலே, 1934 பெப்ரவரியில், ஹாலிஎலவுக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். சென்னையிலே வாட்டர்பாலம் கற்பனையாகிக்கொண்டிருந்தபோது உண்மைத் தோட்டத்திலே அதன் வருங்கால எழுத்தாளர் தவழ்ந்துகொண்டிருந்தார். 2022 இல் மறைந்த அவர் எழுதிய 'மீன்கள்' என்ற சிறுகதை லயக்காம்பராவின் ஒற்றையறையை எடுத்துக்கொள்கின்றது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையிலே படுத்தெழும் வாழ்விலே தாம்பத்தியம் எத்தகைய கூச்சமாகவும் குற்றவுணர்வாகவும் மாறுகின்றது என்பதே கதை. அங்கே காமுகனான வெள்ளை அதிகாரி தேவைப்படவில்லை. அறையின் நீள அகலங்களே போதுமாயிருந்தன. மருதியின் அவமானத்துக்கு ஒரு மனிதன் காரணம். 'மீன்கள்' காட்டும் அவமானத்துக்கு, ஸ்டோருக்கு அருகே ஆட்களை அடுக்கிவைக்கக் கணக்குப் பார்த்து எழுப்பிய ஒரு கட்டடம் காரணம். வாட்டர்பாலத்திலிருந்து தமிழ்க் கதை நடந்துவந்த தூரத்தை இதனால் அளக்கலாம்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்னொரு திசையிலே செல்கின்றது. 1960களின் தொடக்கத்திலே எழுதப்பட்டு, 1980 இலே வெளிவந்த தொகுதிக்கும் பெயரளித்த இக்கதையின் நடுவிலே நிற்பது கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண்ணின் திறமை. அத்திறமை ஐயத்துக்குள்ளாவதே சிக்கல். தராசடியிலே கூடை நிறுக்கப்படும் கணம் கதைக்கு உயிர்நிலையாகின்றது. அத்தராசின் முள் எங்கே நிற்கின்றது என்பதிலே ஒரு பெண்ணின் மானம் தங்கியிருக்கும் என்று புதுமைப்பித்தனுக்குத் தோன்றியிருக்க இடமில்லை. மருதிக்கு அவர் முகம் தந்தார், உடல் தந்தார், அவ்வுடலைத் தின்னும் நோயையும் தந்தார். இரண்டு இலையையும் ஒரு குருத்தையும் ஒரே அசைவிலே கிள்ளி, தலைக்கு மேலாகக் கூடைக்குள் எறியும் விரல்களை அவளுக்கு அவர் தரவில்லை. இராமையாவின் கதை அந்த விரல்களிலிருந்தே தொடங்குகின்றது.